ஒரு தெரு முன்னால் போனவர்

அண்ணன் காணாமல் போகாதிருந்தால் இந்தப் பட்டணத்தின் பாதித் தெருக்களை நான் மிதித்திருக்கவே மாட்டேன்.

துறைமுகத்தில் கரி இறக்கும் வேலை அவருக்கு. எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடம் போனதும், பிறகு ஒரு கிடங்கில் குமாஸ்தாவாக உட்கார்ந்ததும் அவர் சுமந்த கூடைகளால்தான். ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. ரங்கூன் கப்பல் ஏறிவிட்டார் என்றார்கள் சிலர். கடலோடு போயிருப்பார் என்றார்கள் மற்றவர்கள். தாலியைக் கழற்றிவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிடும்படி அண்ணிக்கு அவள் தகப்பனார் ஆள்விட்டுக்கொண்டே இருந்தார். பார்த்ததாக ஒருத்தர் சொன்னாலும் போதும், இங்கேயேதான் இருப்பேன் என்று அண்ணி சொல்லிவிட்டாள்.

அந்த ஒருத்தரைத் தேடி ஞாயிறுதோறும் தண்டையார்பேட்டையிலிருந்து நடந்தேன். ராயபுரத்தில் ரயில்வேக்காரர் வீடுகளிலிருந்து பியானோ சத்தமும் ரொட்டி வேகும் வாசனையும் சேர்ந்து வரும். மாதா கோயிலில் பூசை முடிந்து முக்காட்டோடு பெண்கள் வருவார்கள். காலாடிப்பேட்டையில் நெசவுக்காரர்கள் தெருவை அடைத்துப் பாவு நூல் நீட்டியிருப்பார்கள். குனிந்து போகாதவனுக்குத் தெலுங்கிலும் தமிழிலும் வசவு விழும். எண்ணூர்ப் பக்கம் உப்பளங்கள் கண்ணைக் கூச வைக்கும். எந்தச் சந்தில் எந்த நாய் குரைக்கும் என்பதுவரை தெரிந்துபோயிற்று. எல்லாம் பிடித்தும் போயிற்று. அண்ணனைத் தேடுகிறவன் இப்படிச் சந்தோஷமாக நடக்கலாமா என்று கூச்சமாக இருக்கும்.

மெலிந்த ஆள், இடது தோள் சாய்ந்த நடை என்று அடையாளம் சொல்வேன். அப்பாவிடமிருந்து எங்களுக்கு வந்த சாய்வு அது. ஆமாம், இந்தப் பக்கம் பார்த்த மாதிரிதான் என்று பலரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு சேதியையும் அண்ணியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நாளாக ஆக, நான் நுழையும் தெருவை அவர் அப்போதுதான் தாண்டியிருப்பார் என்று தோன்றும். முனையில் ஒரு வேட்டி நுனி திரும்பி மறையும். ஓடிப்போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒரு வாரநாளில், கிடங்கு வேலையாகக் கோட்டும் தலைப்பாகையுமாகக் காசிமேடு போயிருந்தேன். குப்பத்து முனையில் ஆப்பம் சுடுகிற அம்மாளிடம் வழக்கம்போல அடையாளம் சொல்லிக் கேட்டேன். நீ போலீஸா என்றாள். கோட்டைக் கண்டால் தன் வீட்டுக் கோழிகூடப் பதுங்கும் என்றாள். இல்லை, அண்ணனைத் தேடுகிறேன் என்றதும் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அந்த ஆளா? ஞாயித்துக்கெயமன்னா வந்துடும். தோளு சாஞ்சிகினு, வூடு வூடா எட்டிப் பாத்துகினு போவும். வெயிலோ மழையோ, கையில ஒரு கறுப்புக் குடை. எதையோ தொலைச்சிட்டு கீது, பாவம்.”

அண்ணன் ஆயுளில் குடை பிடித்ததில்லை. அந்தக் குடை அன்று கிடங்கில், என் நாற்காலிக்குப் பின்னால், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீடு வரும்வரை எந்தத் தெரு முனையிலும் நான் தலை நிமிரவில்லை. அண்ணி விளக்குச் சிம்னியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் ஜனங்கள் பார்த்தது என்னைத்தான் என்று சொன்னேன். துடைத்த கை நின்றது. சிம்னியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மறுபடி துடைத்தாள்.

“அப்ப இனிமே அங்கல்லாம் போவாத தம்பி,” என்றாள். “உன்னப் பாக்காத தெருவா பாத்து போ.”

அடுத்த ஞாயிறு வியாசர்பாடிப் பக்கம் திரும்பினேன். மழை வரும் போலிருந்தது. குடையை எடுத்துக்கொள்ளவில்லை.