பசித்த ஆவிக்குப் பிடி அரிசி

இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறித்தவள் பெரியாயி. எழுபத்து நாலில் தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அவள் புருஷன் வீரசிங்கம் பட்டினியிலேயே செத்துப்போனான். கிடைத்த ரொட்டியை மகள் கருப்பம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்துக் கிடந்தவன் அவன். அவன் சாகுமுன் அவனுக்காகப் பெரியாயி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வாசல் வாசலாகப் போய்க் கையேந்தினாள். எல்லாரும் பானையைக் கவிழ்த்துக் காட்டினார்கள்.

கருமாதி வந்தது. தோட்டத்துப் பூசாரி அழகர் லயத்து ஆட்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்.

"ஒடம்புதான் மண்ணுக்குப் போச்சு. ஆத்மாவுக்கு அழிவில்ல. பசியோட போன ஆத்மா சும்மா இருக்காது, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வந்து நிக்கும். வயிறாரப் படைச்சு அனுப்புங்க."

அவ்வளவுதான். வீட்டுக்கொரு பிடி அரிசி வந்து குவிந்தது. பருப்பு வந்தது. ஒரு வீட்டிலிருந்து வெல்லம்கூட வந்தது. பயம் வந்தால் காலிப் பானையிலும் அரிசி முளைக்கும் போலிருக்கிறது! பெரியாயி அதை அள்ளி உலையில் போட்டாள். அழுகை வரவில்லை.

இலையில் சுடச்சுடச் சோறு. காக்கை தொடாமல் யாரும் வாய் வைக்கக் கூடாது. காக்கையோ வரவில்லை. "கோவமா இருக்கான் போல" என்று முணுமுணுத்தார்கள். கருப்பம்மா எச்சில் விழுங்கியபடி இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியாயி இலைமுன் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை மகள் வாயில் வைத்தாள்.

"அடிப் பாவி! அவன் ஆத்மாவுக்கு வச்சதுடி!" என்று அழகர் கத்தினார்.

"வயிறு இருந்தப்ப ஒரு புடி குடுக்கல. வயிறே இல்லாதவனுக்கு இப்ப எதுக்குங்க சோறு?" என்றாள். "உசுரோட பசிச்சுக் கெடந்தவனுக்கு நீங்க யாரும் பயப்படல. அதான் செத்தான்."

அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. படையல் தின்னி என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டுமே, மகள் பிழைத்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்து, நெஞ்சுச்சளி முற்றிப் பெரியாயி படுத்தபோதும், ஒரு வாய்க் கஞ்சியோடு எட்டிப்பார்க்க அந்த லயத்தில் நாதியில்லை.

அவள் கருமாதிக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விடிந்ததுமே வாசல் நிறைய அரிசி. கருப்பம்மா அத்தனையையும் உலையில் போட்டாள். இலை விரித்துப் பரிமாறினாள். காக்கையைக் கூப்பிடவில்லை. எல்லாரும் பார்க்க, அழுதுகொண்டே, அம்மாவுக்கு வைத்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.