கிரேன் அக்கா போட்ட வழக்கு

எங்கள் துறைமுகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கிரேன் அக்காதான். உச்சியில் இருக்கும் கூண்டில் உட்கார்ந்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் இரும்புச் சுருளை லாரியில் இறக்குவார். கீழே கொக்கி மாட்டுகிற எனக்கு, அவர் மேலே இருந்தால் என் தலையைப் பற்றிக் கவலையே இல்லை.

அப்படிப்பட்டவரை ஒரு சட்டம் கீழே இறக்கியது. உயரத்தில் இயங்கும் இயந்திரங்களைப் பெண்கள் ஓட்டக் கூடாதாம். அவர்களுடைய பாதுகாப்புக்காகவாம். அவரைக் கேட்காமலே அவருக்குப் பாதுகாப்பு! சட்டசபையில் அதற்குக் கை தூக்கிய பெரிய மனிதர்களில் ஒருவராவது அந்த ஏணியில் நாலு படி ஏறியிருப்பாரா? மேலாளர் அக்காவை ஸ்டோர் ரூமில் கையுறை அடுக்க உட்கார வைத்தார்.

"வழக்குப் போடப் போறேன்" என்றார் அக்கா, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்.

அவர் கணவர்தான் எங்கள் சிக்னல்காரர். கீழே நின்று கை காட்டி கிரேனை நடத்துபவர். மனிதருக்குப் புரையேறிவிட்டது.

"சபையே கூடிப் போட்ட சட்டம்மா. நீ ஒருத்தி நிறுத்துன்னா நிறுத்திடுவாங்களா?"

"ஏங்க, ஏத்து, இறக்குன்னு நீங்க மட்டுந்தான் காட்டலாம். நிறுத்துன்னு யாரு காட்டலாம்?"

'நிறுத்து' என்று யார் கை காட்டினாலும், டீ கொண்டு வருபவரே காட்டினாலும், சுமை அந்தரத்தில் நின்றாக வேண்டும். என்ன ஏது என்று பார்த்த பிறகுதான் நகரும். வேலைக்குச் சேர்ந்ததும் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் விதி அது.

"கோர்ட்டு எதுக்கு இருக்கு? ஒருத்தர் கை காட்டினா நிறுத்திப் பாக்கத்தானே?"

வழக்கு இழுத்தடித்தது. கடைசியில் நீதிபதி அரசு வக்கீலிடம், பெண் ஓட்டியதால் நடந்த விபத்து ஒன்றையாவது சொல்லுங்கள் என்றார். வக்கீல் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். சட்டம் போடும் அதிகாரம் சபைக்கு உண்டு; அரசியல் சாசனம் கொடுத்த சம உரிமையைப் பிடுங்கும் அதிகாரம் எந்தச் சபைக்கும் இல்லை; ஆகவே இந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் காலை ஏணியடியில் மேலாளர் வழிமறித்து நின்றார்.

"அவசரப்படாதேம்மா. அமைச்சர் வேற சட்டம் கொண்டு வரப் போறதாப் பேசிக்கிறாங்க."

"கொண்டு வரட்டும் சார்." அக்கா ஹெல்மெட் வாரை இறுக்கினார். "கோர்ட்டுக்கு எந்த பஸ் போகுதுன்னு இப்ப எனக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நான் ஏறணும்."