பாலாற்று முகத்துவாரத்தில் நண்டு எண்ணிய கிரேஸ்

கிரேஸ் இறந்துவிட்டாள்.

இன்று காலை பழைய லேபிலிருந்து ஃபோன். "கிரேஸ் மேடம் நேத்து சாயங்காலம் வீட்ல மயங்கி வியுந்துட்டாங்க. வேலூருக்கு எடுத்துக்கினு போனோம்... காலைல போய்ட்டாங்கம்மா."

மூளையில் ரத்தக்கசிவாம். நாற்பத்து மூன்று வயது.

ஃபோனை வைத்துவிட்டு அரை மணி நேரம் ஆபீஸ் வேலை பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் இருப்பவர்களில் பலருக்கு அவளைத் தெரியாது. ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டில், நானும் அவளும் ஒன்பது வருடம் ஒரே லேப். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வரும். உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவோம்.

ஆனால் அவள் படித்தது கடல் உயிரியல். முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்கக் கடலுக்குள் இறங்கியவள். அப்பா இறந்ததும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தாள். கிடைத்த வேலை இது.

லேபில் அதிகம் பேசமாட்டாள். மீன் கடையில்தான் பேசுவாள்...

ஒருமுறை ஆம்பூர் மார்க்கெட்டில் ஒரு நண்டைப் புரட்டிப் பார்த்தாள். வயிற்றில் கொத்தாக முட்டை. "இத ஏங்க எடுத்துக்கினு வர்றீங்க? கடல்லயே உட்டுடச் சொல்லக் கூடாதா?"

கடைக்காரர் நிதானமாகச் சொன்னார். "மேடம், அது ஆம்பூர் வர்றதுக்குள்ளயே செத்துப்போச்சு. நான் இன்னா பண்றது?"

அவள் நண்டை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு, எதுவும் வாங்காமல் வந்துவிட்டாள்.

ஒவ்வொரு பொங்கல் லீவிலும் அவள் எங்கே போகிறாள் என்று யாருக்கும் தெரியாது. நான் கணவரைப் பிரிந்து வந்த வருடம், பொங்கலுக்குப் போக எனக்கு வீடு இல்லை. "எங்கூட வர்றியா?" என்றாள். இன்னா ஏது என்று கேட்காமல் கிளம்பினேன்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, கல்பாக்கம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். அதற்கப்புறம் நடை. நம்ம ஊரில் மணலாகக் கிடக்கிற பாலாறு, அங்கே அகலமாகத் தண்ணீரோடு கடலில் சேருகிறது. நாற்பது வயதை நெருங்கும்போதுதான் அதை முதல்முறையாகப் பார்த்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். பிவிசி பைப்பில் செய்த ஒரு சதுரச் சட்டம் வைத்திருந்தாள். அதைச் சேற்றின் மேல் போட்டு, உள்ளே எத்தனை நண்டு வளை இருக்கிறது என்று எண்ணினாள். அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன்.

கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் நண்டுகள் வெளியே வந்தன. விரல் நகம் அளவுதான். ஆண் நண்டுக்கு மட்டும் ஒரு கொடுக்கு பெரிது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டின.

"பொண்ணக் கூப்டுதுங்கடி" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, சேறு காய்ந்து நண்டு கம்மியாகிவிடும், நண்டு கம்மியானால் அதைத் தின்ன வரும் பறவையும் வராது... அன்று முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கணக்கெல்லாம் யாருக்குடி அனுப்புவ?"

"யாருக்கும் இல்ல. யாரும் கேக்கல. நானா எண்ணிக்கினு இருக்கேன்."

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் அம்மா இறந்து ஆறு மாதம் கழித்து, தூத்துக்குடியிலிருந்து அவளோடு படித்தவர் ஒருவர் கூப்பிட்டார். உடைந்த பவளத் துண்டுகளைக் கடலுக்கடியில் சிமெண்ட் சட்டத்தில் கட்டி வளர்க்கிற வேலை. இவளுக்காக ஓர் இடம் வைத்திருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டில் சொன்னாள். "போலாமான்னு இருக்கு."

நான் காரணங்களாக அடுக்கினேன். இங்கே பர்மனென்ட், அங்கே ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். இந்த வயசில் பேஜார் புடிச்ச வேலை. எதற்கும் அவள் அசையவில்லை.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். "நீயும் போய்ட்டா நான் யார்கூடடி பேசுவேன்?"

டிபன் பாக்ஸை மூடினாள். மறுநாள் சாம்பிள் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே, "வரலன்னு சொல்லிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த வருடமே எனக்கு வாலாஜாவில் வேலை கிடைத்தது. நான் கிளம்பினேன்...

அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். "நல்ல வேலை, உடாத" என்று சொல்லிவிட்டு, என் சாமான் பெட்டிகளுக்கு டேப் ஒட்டித் தந்தாள்.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் கூப்பிட்டாள். "இந்த வாட்டி வர்றியா?"

"ஆடிட் இருக்குடி. அடுத்த வருஷம் கண்டிப்பா."

பொங்கலன்று ஒரு ஃபோட்டோ அனுப்பினாள். சேறு, சட்டம், அதன் மேல் விழுந்த அவள் நிழல். ஒரு கட்டைவிரல் எமோஜி போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. சண்டையெல்லாம் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஆம்பூரில் அடக்கம். பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கும் அவள் அண்ணன், லேபில் என் நம்பரை வாங்கிச் சற்று முன் ஃபோன் செய்தார். "அவளுக்கு ஃப்ரெண்ட்ஸ் யார் யாரும்மா? சொல்லணும் இல்ல..."

என் பெயரைச் சொன்னேன். அடுத்த பெயருக்காக அவர் லைனிலேயே இருந்தார்.

எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

உங்களில் யாருக்காவது அவளைத் தெரிந்திருந்தால் வாருங்கள்.

போய்ட்டு வாடி, கிரேஸ்.