உல்துகன் அண்ணியின் தகரம்

யார் வீட்டுக்குப் போனாலும், நலம் விசாரிப்பதற்கு முன்பே என் அண்ணி உல்துகனின் கண் அடுப்புக்கு முன்னால் இருக்கும் தரைக்குத்தான் போகும். எங்கள் அல்தாய் மலையில் வீடும் மரம், தரையும் மரம். எரிப்பதோ லார்ச் என்ற பிசின் மரத்து விறகு. பிசின் வெடித்துப் பொறி எகிறும். அதனால் அடுப்புக் கதவுக்குக் கீழே எல்லோரும் தகரம் அடித்திருப்போம். அண்ணிக்கு அது போதாது. களிமண் கரைசலில் ஊறிய கம்பளியை முதலில் விரித்து, அதன்மேல்தான் தகரத்தை அடிப்பாள். சூடு பலகைக்கு இறங்கக்கூடாதாம். 'தகரக்காரி' என்று ஊரே கிண்டல் செய்தது. செய்யட்டுமே, அவளுக்கென்ன!

அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது எங்கள் வீடுதான். புதுமருமகள் முதல் நாள் அடுப்பை வணங்கி, நெருப்பில் கொழுப்பு ஊற்ற வேண்டும். அண்ணி ஊற்றிய அன்று ஒரு பொறி தகரத்தைத் தாண்டிப் பறந்து தரை கருகிப்போனது. இவள் காலடி சரியில்லை என்றாள் என் அம்மா. பிறகு மாடு செத்தாலும் அதையே சொன்னாள், பால் திரிந்தாலும் அதையே சொன்னாள். ஊரும் சேர்ந்துகொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

என் கல்யாணத்துக்குத் துணையாக வந்தது அண்ணிதான்; பெண்ணைப் பெற்றவள் கூடப் போகும் வழக்கம் எங்களுக்கு இல்லை. மாமியார் சகிப்ஜமாலின் வீட்டில் தரை மஞ்சள் பெயின்டில் பளபளத்தது. அடுப்புக்கு முன்னால் தகரத்தைக் காணோம், ஆணி பிடுங்கிய ஓட்டைகள் மட்டும் இருந்தன. தகரத்தைத் திரும்பப் போட்டுவிடலாமே என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு அந்தத் துருப்பிடிச்ச தகரத்த யாரு பாக்குறது, சம்பந்தியம்மா? எங்க வீட்டு நெருப்புக்கு அடக்கம் ஜாஸ்தி" என்று மாமியார் சிரித்தாள்.

பெண் கொடுக்க வந்தவள் அதற்குமேல் என்ன பேச முடியும்? எனக்குச் சீராகக் கொண்டுவந்த கம்பளி விரிப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அடுப்போரமாக உட்கார்ந்துவிட்டாள்.

கூடம் நிறைய ஜனம். அடுப்பை வணங்கிய அவசரத்தில், கரண்டிக் கொழுப்பு மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். குப்பென்று சுவாலை வெளியே பாய்ந்தது. எரியும் கொழுப்பு தரையில் வழிந்து பெயின்ட் பற்றிக்கொண்டது. தரை போனால் போகட்டும். 'காலடி சரியில்லை' என்ற அந்தச் சொல் இனி என்மேல் அல்லவா விழும்!

அண்ணி விரிப்பை உதறி நெருப்பின்மேல் போட்டாள். தானும் அதன்மேல் மண்டியிட்டு இரண்டு கையாலும் அழுத்தினாள். ஆட்டு ரோமத்தை அவளே மிதித்து உருட்டிச் செய்த விரிப்பு. ரோமம் கருகி நாறியதே தவிர, தீ எழும்பவில்லை. ஓரத்தில் கசிந்த கொழுப்பு அவள் கையைச் சுட்டது, அப்போதும் கையை எடுக்கவில்லை. அம்மாடி, அப்படி ஒரு பெண்பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

மாமியார் வழிக் கிழவி ஒருத்தி, புதுப்பெண்ணின் காலடி எப்படியோ என்று ஆரம்பித்தாள்.

"பொண்ணு மேல தப்பில்ல," என்றாள் அண்ணி. "தகரத்த எடுக்கச் சொன்னதே நாந்தான். என் காலடிதான் ஊருக்கே தெரியுமே."

எத்தனை வருஷமாகச் சுமந்த பழி! அதைத் தானே எடுத்து மறுபடியும் தலையில் வைத்துக்கொள்கிறாள், எனக்காக.

மாமியார் அண்ணியின் கொப்புளம் கண்ட கையைப் பார்த்தாள். எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்:

"அவ பொய் சொல்றா. எடுத்தது நான். திரும்பப் போடுங்கன்னுதான் அவ சொன்னா. அவ காலடி படலேன்னா இன்னிக்கு இந்த வீடே இருந்திருக்காது."

கை கொப்புளித்தபோதும் அழாத அண்ணி, அப்போதுதான் அழுதாள்.