போனவனைச் சுட்டேன்

போ என்றேன். போனான். போகிறவனைப் பின்னாலிருந்து சுட்டேன்.

இதுதான் நான் செய்தது. இதைச் சொல்ல எனக்கு முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. திட்டுவதென்றால் இங்கேயே திட்டிவிட்டு எழுந்து போய்விடுங்கள். மேலே படித்தால் இன்னும் மோசம்தான்.

அப்போது மலாயாவில் அவசர காலம். லாபு பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாதென்று, அங்கங்கே கிடந்த லய வீடுகளையெல்லாம் காலி செய்தார்கள். எங்கள் எல்லோரையும் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் அடைத்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காவலுக்கு ஆள் எடுத்தபோது துரை என் உயரத்தைப் பார்த்துக் கைகாட்டினார். பால்வாளியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன்.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். தெரியும்! ஆபீசில் கணக்கெழுதும் கிராணி எங்களை வரிசையாக நிற்கவைத்துத் தமிழில் படித்தே சொன்னார்.

“வெளியாள் தோட்டத்துக்குள்ள வந்தா மொதல்ல போகச் சொல்லணும். போகலன்னா புடிச்சு இழுத்துட்டு வரணும். அடிக்க வந்தான்னா மட்டுந்தான் துப்பாக்கி. வெளங்குச்சா? காட்டுக்காரனுக்குச் சாப்பாடு தூக்கிட்டுப் போறவன் வேற. அவன் நில்லுன்னு சொல்லியும் நிக்காம ஓடுனா சுடலாம்.”

விளங்கியது. எல்லாம் நன்றாகவே விளங்கியது.

இனி பழனியாண்டி. என்னோடு அடுத்த நிரையில் மரம் சீவியவன். எனக்கு உறவில்லை, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். கங்காணியோடு வாய்ச்சண்டை போட்டான் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். வேலை போனால் வீடும் போகும், அதுதான் தோட்டம். பெண்டாட்டி ராமாயியோடு சிரம்பானுக்குப் போய், தெமியாங்கில் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் ஒருவன் நட்டது அவனுடையது. நிலம் கம்பெனியுடையதுதான். ஆனால் அவன் தோட்டம் மாறிப் போனாலும், விளைந்ததும் திரும்பி வந்து பிடுங்கிக்கொண்டு போவான். யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். நானே பழைய தோட்டத்துக்குப் போய் என் கருணைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அங்கிருந்த காவல்காரன் எனக்கு மண்வெட்டி கொடுத்தான்!

பழனியாண்டி அதற்காகத்தான் வந்தான். நல்ல வெயில். காலிசெய்த பழைய லயத்துக்குப் பின்னால் குனிந்து மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்தே ஆளைத் தெரிந்துவிட்டது. ஆள் தெரியவில்லை என்றும் நான் சொல்ல முடியாது.

“யார்ரா அது? வெளிய போ!”

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

“என்னா மச்சான், குரலு பெருசா இருக்கு? என் கெழங்குலா இது. உனக்கும் ரெண்டு தரவா?”

“இங்க ஆளு வரக்கூடாது. போன்னா போயிரு.”

“துப்பாக்கி குடுத்தாங்க சரி. தொப்பியும் குடுக்கச் சொல்லு, தொரைன்னே கூப்பிடுறேன். நேத்து வரைக்கும் என்கூட உக்காந்து பழைய சோறு தின்ன பய...”

கிழங்கைச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கினான். “போறேன் தொரை, போறேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டான். திரும்பி நடந்தான். சிரித்துக்கொண்டே நடந்தான். அவன் முதுகு குலுங்கியது...

நான் வேறென்ன கேட்டேன்? போகச் சொன்னேன், போய்க்கொண்டிருந்தான். அதோடு என் வேலை முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்!

கிண்டல் பண்ணினான் என்பதற்காகவா சுட்டேன்? ஆமாம். அதற்காகத்தான். வேறு காரணம் இருக்குமா என்று இத்தனை வருடம் தேடிவிட்டேன். இல்லை.

காலைப் பார்த்துத்தான் சுட்டேன். ரவை சிதறி இரண்டு தொடையின் பின்பக்கமும் பிய்ந்துபோனது. விழுந்தவன் தலையைத் திருப்பி, “டேய்... நெசமாவாடா?” என்றான்.

சத்தம் கேட்டுப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவனைத் தூக்கி லாரியில் போட்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் துப்பாக்கியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றேன்.

கிராணி என்னை ஆபீசுக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்.

“எங்கய்யா பட்டுச்சி? முன்னாலயா, பின்னாலயா?”

“பின்னால.”

“போச்சி. வெட்ட வந்தான்னு சொல்ல முடியாது. கெழங்கு புடுங்க வந்தவனைப் பின்னால சுட்டா நீ ஜெயிலுக்குத்தான்.” குரலைத் தாழ்த்தினார். “சாக்குல சாப்பாடு இருந்துச்சில்ல? காட்டுப் பக்கம் ஓடுனான். நீ நில்லு நில்லுன்னு மூணு வாட்டி கத்துன. நிக்கல. பின்னால பட்டது சரியாப்போச்சி.”

புரிகிறதா உங்களுக்கு? அவன் வெறுமனே அத்துமீறி நுழைந்தவன் என்றால் நான் குற்றவாளி. நான் தப்ப ஒரே வழிதான் இருந்தது. அவன் காட்டுக்காரர்களுக்குச் சோறு சுமந்தவன் ஆகவேண்டும்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். மலாய்க்காரர், பொறுமையானவர். என்னை ஒரு தடவைகூட அதட்டவில்லை. அவர் கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார்.

“நிற்கச் சொன்னாயா?” சொன்னேன் என்றேன். “ஓடினானா?” ஓடினான். “சாக்கில் என்ன?” மரவள்ளிக்கிழங்கு. அந்த ஒன்றுதான் உண்மை. “யாருக்கு?”

கிராணி தானாகவே மலாயில் ஏதோ பதில் சொன்னார். ஏதோ என்ன... எனக்கு மலாய் தெரியும். காட்டிலிருப்பவர்களுக்கு என்றார். இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்து, “பெத்துல்?” என்றார். உண்மைதானா என்று.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஒரு வாரம் கழித்து ராமாயி வந்தாள். நான் கேட்டில் காவல் நின்றேன். தெமியாங்கிலிருந்து பாதி வழி நடந்தே வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேசினாள்.

“அண்ணே, நீங்க சுட்டத நான் கேக்கல. கோவத்துல சுட்டுட்டீங்க, போவட்டும். நட்டவன் வந்து புடுங்கிக்கிறது நம்ம வழக்கம்னு மட்டும் சொல்லிருங்க. அவரு சொன்னா, கம்பெனி நெலத்துல உனக்கு ஏது கெழங்குன்னு கேக்குறாங்க. மத்தவங்க யாரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க. நீங்க சொன்னா நம்புவாங்கண்ணே.”

எவ்வளவு சின்ன உதவி! ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவன் கிழங்கு பிடுங்க வந்தவன் ஆகிவிடுவான். அப்புறம் நான்? நான் எங்கே போவேன்? எனக்கும் பெண்டாட்டி, கைக்குழந்தை... இதைச் சொல்லி உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. அப்போது மனசில் ஓடியதைச் சொல்கிறேன்.

“இங்க நிக்கக் கூடாதும்மா. போ.”

“அண்ணே...”

“போன்னு சொல்றேன்ல!”

போனாள். அவளும் சொன்னவுடன் போனாள்.

பழனியாண்டியை ஆஸ்பத்திரியிலிருந்தே தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அவனையும் ராமாயியையும் ஊருக்குக் கப்பலேற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஊருக்கு? அவன் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்! கடலுக்கு அந்தப் பக்கம் அவனுக்கு யாரிருந்தார்கள்? கம்பு ஊன்றித்தான் நடந்தானாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என்னை ஆட்களை மேய்க்கிற மண்டோராக்கினார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அவசர காலம் முடிந்தது. துரை போனார். கிராணி செத்தார். இனி யாருக்குப் பயம் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். போன மாதம்தான் பஸ் ஏறி சிரம்பான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். முன்னால் ஒரு தமிழ்ப் பையன் உட்கார்ந்திருந்தான், போலீஸ் உடுப்பில்.

“யாரு மேல கம்ப்ளேய்ன் அங்கிள்?”

“என் மேல.”

சிரித்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டான். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தான்.

“அந்தக் காலத்து ஃபைல் ஒண்ணுமே இங்க இல்லையாம் அங்கிள். அந்த ஆளு உசுரோட இருக்காரா?”

“தெரியாது.”

“அப்பறம் எப்புடி லா எழுதுறது?” ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். “மொதல்ல உக்காருங்க. சாப்புட்டீங்களா?”

எதிர்க்கடையிலிருந்து கோப்பி வாங்கிவந்து என் முன்னால் வைத்தான். பால் தூக்கலாக, நல்ல சூடாக இருந்தது. அதை நான் தொட்டிருக்கக் கூடாது... ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.