பலா மரத்தடித் தண்ணீர்

அப்பா ஆதித்தன் தென்காசியில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும்; அதற்கு மழைத் தண்ணீர்தான் தருவார். ஆனியில் சாரல் தொடங்கியதும் மேலகரம் வீட்டு மொட்டை மாடியில் நான்கு கம்புகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டுவார். நடுவில் கழுவிய கல் ஒன்று. அது தாழ்ந்த இடத்தில் சொட்டும் நீர், கீழே இருக்கும் பிளாஸ்டிக் வாளியில் சேரும்.

சிலர் அருவித் தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்பார்கள்.

"அதுல மூலிகை இருக்குன்னுதான ஊரே குளிக்க வருது. பேட்டரிக்கு என்ன, மூட்டுவலியா?" என்பார் அப்பா.

ஒரு வருடம் அவரே தவறு செய்தார். சாரல் மெல்லியதாகவே விழுந்தது; மாடி வேட்டி நனைந்ததோடு சரி. ஆனால் முற்றத்துப் பலா மரம் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டியை மரத்தடிக்கு மாற்றினார். வாளி சீக்கிரமே நிறைந்தது. அந்தத் தண்ணீர் ஊற்றிய பேட்டரிகளில் சார்ஜ் நிற்கவில்லை. முதலில் வந்து சண்டை போட்டவர் போட்டோஸ்டாட் கடை யாக்கூப் அண்ணன்.

நான் அப்போது வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். நீரில் கரைந்த உப்பை அளக்கும் கல்லூரி மீட்டரை இரவல் வாங்கி வந்து அளந்தேன். மாடித் தண்ணீர் ஒற்றை இலக்கம். மரத்தடித் தண்ணீர் அறுபதுக்கு மேல். இலைகளில் படிந்த தூசியையும் உப்பையும் மழை கழுவி இறக்குகிறது. இலைக்குள்ளிருந்து பொட்டாசியமும் கசிந்து வருகிறது. மலைமேல் காட்டுக்குள் விழும் மழையும் இப்படி மாறித்தான் மண்ணைத் தொடுகிறது. அப்பாவிடம் சொன்னேன்.

"பொட்டாசியம்னா உரக்கடையில விப்பானே, அதா?"

"அதேதான்ப்பா. ஆனா ரொம்பக் கொஞ்சம்."

"அப்ப மரம் சும்மா தருது. நான் அதை பேட்டரியில ஊத்திருக்கேன் பாரு. ஏட்டி, யாக்கூப்புகிட்ட சொல்லிராத. அவன் பேட்டரியில பலாப்பழம் காய்க்கும்பான்."

ஊற்றிய பேட்டரிகளையெல்லாம் மாற்றிக் கொடுத்தார். யாக்கூப் அண்ணனிடம் காரணத்தையும் அவரே சொன்னார். அப்பா எதற்குப் பயந்தாரோ அதையே யாக்கூப் அண்ணனும் சொன்னார்.

நான் இப்போது திருநெல்வேலியில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அப்பா இந்த ஆடியில் இறந்தார். இதயம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுவாரம் யாக்கூப் அண்ணன் வந்தார்.

"அண்ணாச்சி பிடிச்ச தண்ணி ஏதும் இருக்காம்மா? கடையில விக்கிற பாட்டில் தண்ணிய பேட்டரியில ஊத்த மனசு வரல."

பின்கட்டில் ஒரு கேன் இருந்தது. அப்பா கடைசியாகப் பிடித்தது. கேட்டு வந்தவருக்கு இல்லையென்று சொல்லி அப்பாவுக்குப் பழக்கமில்லை. எனக்கோ அதைக் கொடுக்க மனமில்லை. நல்ல தண்ணீர் என்றால் அவருக்கு, கெட்டது என்றால் எனக்கு என்று முடிவு செய்து மீட்டரை நனைத்தேன். கெட்டதாக இருக்க வேண்டும் என்று இதற்கு முன் எந்தத் தண்ணீரையும் நான் அளந்ததில்லை.

எழுபத்திரண்டு.

"ஆகாது அண்ணே" என்றேன். குரலில் சந்தோஷம் தெரிந்திருக்கும்.

அம்மா ஞானபாக்கியம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது மரத்தடித் தண்ணிதான். நீ அன்னைக்கு உரம்னு சொன்ன பிறகு வருசாவருசம் என் பிச்சிக்கொடிக்குன்னு தனியா பிடிப்பாரு. இந்த வருசம் மாடி ஏற முடியல. மரத்தடியில நாற்காலியப் போட்டு உக்காந்து இதை மட்டும் பிடிச்சாரு."

யாக்கூப் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது இருக்கட்டும்மா" என்றேன்.

"எதுக்கு, நாறவா? கொடி வாடிக் கெடக்கு, பாக்கலையா?"

இலைச்சாறு இறங்கிய தண்ணீர் கெட்டுப்போகும். அது என் வேலை, எனக்குத் தெரியாததல்ல. கேனைத் தூக்கிப்போய்க் கொடியின் வேரடியில் ஊற்றினேன். தேயிலைத் தண்ணீர் நிறம். மண் உடனே குடித்துவிட்டது.

மேற்கே மலை மறைந்திருந்தது. சாரல் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"வாற வெள்ளிக்கிழமை வாங்கண்ணே" என்றேன். "மாடித் தண்ணி தாரேன்."

அம்மா அப்பாவின் வேட்டி ஒன்றை எடுத்துத் தந்தாள். அவர் கடைசியாக உடுத்தியது, துவைக்காமல் வைத்திருந்தாள்.

"இதா?"

"தண்ணி பிடிக்க அவருக்கு இதுதான் தோது. துவைச்சு, சோப்பு போக நல்லா அலசு. இல்லன்னா அதுவும் தண்ணியில இறங்கிரும்."

வேட்டியை முகத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். பிறகு அலசினேன்.