தாத்தாவை முழுங்கினவ

என் பொண்ணு பொறந்த அன்னிக்குக் காலையிலதான் என் மாமனார் போனார். நான் தாம்பரத்துல பிரசவ வார்டுல கிடக்கேன், பீர்க்கன்கரணை வீட்டுல அவர் காபி குடிச்சிட்டுச் சாய்ஞ்சவர் எழுந்திருக்கவே இல்ல. ஏற்கெனவே நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில கிடந்த மனுஷன். சிகரெட்டை விடுங்கன்னு டாக்டர் இவர் கால்ல விழாத குறை. ஆனா அழுகை ஓய்ஞ்சதும் வார்டுக்கு வந்து என் நாத்தனார் சொன்னது, "பொறக்கும்போதே தாத்தாவை முழுங்கிட்டா."

அதுக்குப் பாலையே ஒழுங்கா முழுங்கத் தெரியல, எங்கேருந்து ஒரு ஆளை முழுங்கும்? எனக்கு ஆத்திரம்னா அப்படி ஒரு ஆத்திரம். தையல் வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.

அதுலேருந்து எங்க வீட்டுல அவளுக்குப் பிறந்தநாளே கிடையாது. "அப்பா போன நாள்ல கேக் வெட்டுவீங்களா?"ன்னு அண்ணி, அதான் என் நாத்தனார், கேட்பாங்க. என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்குவார். அப்பா மேல உயிரையே வச்சிருந்தவர், அவரைத் திட்டவும் மனசு வரல. என் பொண்ணு பக்கத்து ஃப்ளாட் பசங்க பர்த்டேக்கெல்லாம் போய்க் கை தட்டிட்டு வருவா.

போன வருஷம் அண்ணி ஏதோ தியான கிளாஸுக்குப் போக ஆரம்பிச்சு, அங்கேருந்து ஒரு வார்த்தையோட வந்தாங்க. "முழுங்கிட்டான்னு நான் சொன்னது தப்பு. அதுக்குப் பேரு சிங்க்ரனிசிட்டியாம். ஒரு உயிர் வர்றதுக்கு இன்னொரு உயிர் வழி விடுது"ன்னாங்க. பழைய குழம்பையே புதுக் கிண்ணத்துல ஊத்திக் கொண்டு வந்திருக்காங்க. பக்கத்துல கலர் அடிச்சுட்டிருந்த என் பொண்ணு, அத்தை கிளம்பினதும் கேட்டா, "நான் வந்ததாலதான் தாத்தா செத்துட்டாராம்மா?"

இல்லடின்னு சொன்னேன். அவ நம்பல. என் மூஞ்சியைப் பாத்துட்டு மறுபடி கலர் அடிக்கப் போயிட்டா.

நான் காட்டாங்குளத்தூர்ல காலேஜுல இங்கிலீஷ் எடுக்கறவ. வார்த்தையை வச்சே என் புள்ளையை அடிச்சா சும்மா விடுவேனா? அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணி வந்ததும், பொண்ணை மடியில உக்கார வச்சுக்கிட்டே ஆரம்பிச்சேன்.

"அண்ணி, நீங்க சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் சொல்றேன், கேளுங்க. ரெண்டு காரியம் சேர்ந்தாப்ல நடக்குது. ஒன்னால இன்னொன்னு நடக்கல. ஆனா பாக்கறவங்களுக்கு அதுல ஏதோ அர்த்தம் தெரியுது. அவ்வளவுதான். ஒன்னால இன்னொன்னு நடக்கலைங்கறது அந்த வார்த்தைக்குள்ளயே இருக்கு. அர்த்தத்தை இவ கொண்டு வரல, நீங்க வச்சீங்க. இவ பொறந்த அதே அன்னிக்குத்தான் உங்க பையனுக்கு வேலை ஆர்டர் வந்துச்சு. அதுக்கு இவளுக்கு ஒரு சாக்லேட்டாவது வாங்கிக் கொடுத்தீங்களா?"

நாமளும் அப்படித்தான். பேசிட்டிருக்கும்போது பல்லி கத்தினா அதுவே சரின்னுடுச்சுங்கறோம், நினைச்ச ஆள் எதிர்ல வந்தா ஆயுசு நூறுங்கறோம். அதெல்லாம் ஆசையில சொல்றது, யாருக்கும் ஒரு குறையும் வராது. ஒரு குழந்தை தலையில சாவைத் தூக்கி வைக்கறதும் அதுவும் ஒன்னா?

அண்ணி முகம் சிவந்து போச்சு. "நீ படிச்சவ, பேசுவ. நாள் ஒன்னுதானே?"

"அதுவும் இல்ல. மாமாவுக்குத் திதி பஞ்சாங்கம் பாத்துக் கொடுக்கறோம். அது ஒரு வருஷம் அந்தத் தேதிக்கு முன்னாடி வருது, இன்னொரு வருஷம் பின்னாடி வருது. இவ பர்த்டே இங்கிலீஷ் தேதி. அன்னிக்கு அப்புறம் ரெண்டும் ஒரே நாள்ல வந்ததே இல்ல. ஆனா நாம திதிக்கும் அழறோம், இவ பர்த்டேக்கும் அழறோம். ஒரு மனுஷன் வருஷத்துக்கு ரெண்டு தடவையா சாவார்?"

முதல்ல சிரிச்சது என் வீட்டுக்காரர்தான். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "எங்கப்பா செத்தது ஹார்ட்டாலக்கா. என் பொண்ணால இல்ல"ன்னார். இத்தனை வருஷத்துல அவர் அதைச் சொல்லி அன்னிக்குத்தான் கேட்டேன்.

இந்த வருஷம் அவரே பெருங்களத்தூர் போய் கேக் வாங்கிட்டு வந்தார். அண்ணி வரல. வரலைன்னா போகட்டும், கூப்பிட்டது கூப்பிட்டாச்சு. ஃப்ளாட் பசங்க வந்து கத்தித் தீர்த்துட்டுப் போனதும், என் பொண்ணு விரல்ல ஒட்டின க்ரீமை நக்கிக்கிட்டே சிங்க்ல பாத்திரம் கழுவிட்டிருந்த என் பக்கத்துல வந்து நின்னா.

"அடுத்த வருஷமும் எனக்குப் பர்த்டே வருமாம்மா?"

"வரும்டி. யார் செத்தாலும் வரும்."